நீலகிரிச் சோலைகளில் வுட்காக் வேட்டை

நீலகிரியின் மேல்மட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,800 மீட்டருக்கு மேற்பட்ட பகுதிகளில், மேடுகளையும் சரிவுகளையும் புல்வெளி மூடியிருக்க, நீர் ஓடும் மடிப்புகளில் மட்டும் அடர்ந்து நிற்கும் குட்டையான பசுமைமாறாக் காடுகள் சோலைகள் எனப்படுகின்றன. பாசி படர்ந்த கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இச்சோலைகளின் உட்புறத்தில் வெயில் அரிதாகவே தரையைத் தொடுவதால், இலைமக்கு கோடையிலும் முற்றாகக் காய்வதில்லை. அதனடியில் மண்புழுக்களுக்கும் குறைவில்லை. இமயமலைக் காடுகளிலும் அவற்றுக்கு வடக்கே விரியும் நாடுகளிலும் கூடு கட்டும் வுட்காக் என்னும் பறவை, அக்டோபர் இறுதியில் தொடங்கி மார்ச் வரையுள்ள மாதங்களை இம்மலையில் கழிப்பதற்கு இந்த ஈரமும் புழுக்களுமே காரணமாகும்.

உள்ளான் குடும்பத்தைச் சேர்ந்த இப்பறவை ஏறத்தாழ 300 கிராம் எடை கொண்டது. சுமார் ஏழு சென்டிமீட்டர் நீளமுள்ள அதன் அலகைச் சேற்றில் முழுவதுமாகச் செருகிய பின்னரும், அலகின் நுனியை மட்டும் தனியே விரித்துப் புழுவைக் கவ்வி இழுக்கும் திறன் அதற்கு உண்டு. கண்கள் தலையின் பக்கவாட்டில் வெகுவாகப் பின்தள்ளி அமைந்திருப்பதால், தலையைத் திருப்பாமலேயே தன்னைச் சுற்றிலும் அதனால் பார்க்க முடிகிறது. பழுப்பும் கறுப்பும் துருநிறமும் கலந்த அதன் இறகுகள் உதிர்ந்த இலைகளோடு ஒன்றிவிடுவதாலும், ஆள் ஏறக்குறைய மிதித்துவிடும் வரை அது அசையாமல் பதுங்கியிருப்பதாலும், இரண்டு அடி தொலைவில் கிடக்கும் பறவையைக்கூடப் பழகிய கண்களும் தவறவிடும். பகலில் சோலைக்குள் ஒதுங்கியிருந்து, அந்தி மயங்கியதும் வெளியேறி, ஓடைக்கரைகளிலும் சதுப்பான புல்தரைகளிலும் இரவெல்லாம் இரைதேடுவது அதன் வழக்கம்.

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ஆம் ஆண்டு இம்மலைக்கு வந்ததைத் தொடர்ந்து உதகமண்டலம் ஆங்கிலேயரின் குடியிருப்பாக வளர்ந்தது. அங்கே குடியேறியவர்களுக்கு இம்மலையின் புல்வெளி ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களை நினைவூட்டியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த மேட்டுநிலங்களின் தலையாய வேட்டைப் பறவையும், ஆண்டுதோறும் ஆகஸ்ட் 12ஆம் நாள் தொடங்கும் வேட்டைப் பருவத்தின் மையப் பொருளுமான கிரௌஸ் இங்கே இல்லை. தென்னிந்தியச் சமவெளிகளில் காணப்படும் கல்கௌதாரிகளை ஆங்கிலத்தில் அப்பெயரோடு சேர்த்து அழைத்தாலும், அவை உறவில்லாத வேறு இனம். வுட்காக்கின் நிலை வேறு. இங்கிலாந்தின் குளிர்காலக் காடுகளில் சுடப்பட்ட அதே இனம், சற்றும் மாறாமல், நீலகிரிச் சோலைக்கும் வந்திறங்கியது. யானை, காட்டெருமை, புலி ஆகியவற்றோடு ஒப்பிட்டால் கைப்பிடிக்குள் அடங்கும் இப்பறவையை வேட்டைக்காரர்கள் ஏன் அத்தனை ஆவலோடு எதிர்பார்த்தனர் என்பதற்கு, அதைச் சுடுவதிலுள்ள கடினத்தைவிட ஊர் நினைவே பெரிய விடையாகத் தோன்றுகிறது. குடலை நீக்காமலேயே வாட்டி, வடியும் சாறு வீணாகாதபடி ரொட்டித் துண்டின்மேல் வைத்துப் பரிமாறும் ஆங்கிலேயச் சமையல் முறையும் பறவையோடு மலையேறியது.

சோலையில் வுட்காக்கைச் சுடுவது திறந்த வெளியில் காடையையோ கௌதாரியையோ சுடுவதைப் போன்றதன்று. சோலைக்குள் நுழைந்தவருக்குத் துப்பாக்கியை உயர்த்தவே இடம் கிடைக்காது. கிளைகளுக்கிடையே வளைந்து நெளிந்து பறக்கும் பறவை, கண்ணுக்குத் தெரிந்த கணத்திலேயே மறைந்துவிடும். ஆகவே, பெரும்பாலும் காடு கலைக்கும் முறையே கையாளப்பட்டது. சோலையின் ஒரு முனையிலிருந்து ஆட்கள் தடிகளால் புதர்களைத் தட்டியும் குரல் எழுப்பியும் ஓடையை ஒட்டி நகர, அடர்ந்த புதரில் நுழைந்து பறவையை எழுப்புவதற்கென்றே இங்கிலாந்தில் பழக்கப்பட்ட குட்டையான ஸ்பேனியல் வகை நாய்கள் அவர்களுக்கு முன்னே சென்றன. துப்பாக்கி ஏந்தியவர்கள் சோலையின் விளிம்பில், பறவை வெளியேறக்கூடிய இடைவெளிகளைக் கணித்து நின்றனர். ஒரு சோலையிலிருந்து எழுந்த பறவை புல்வெளியைத் தாண்டி அடுத்த சோலைக்குள் இறங்குவதற்குள் உள்ள சில நொடிகளே அவர்களுக்கு வாய்த்தன.

பறவை இருக்கிறதா என்பதை முன்கூட்டியே அறிய ஓடைக்கரைச் சேறு உதவியது. அலகு செருகிய சிறு துளைகளும், இலைகளின்மேல் வெள்ளைத் தெறிப்பாகக் கிடக்கும் எச்சமும் புதிதாக இருந்தால் பறவை அருகிலேயே ஒதுங்கியிருக்கிறது என்று கொள்ளப்பட்டது. குறிப்பிட்ட சில ஒதுக்கிடங்கள் ஆண்டுதோறும் பறவைக்குப் பிடித்தவையாக இருப்பதும், ஓரிடத்தில் இருந்ததைச் சுட்ட பின் சில நாட்களில் வேறொன்று அங்கே வந்து அமர்வதும் வேட்டைக்காரர்களின் பொதுவான அனுபவம். தொடக்கக் காலத்தில் குழல்வாய் வழியே மருந்தையும் ரவையையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிகளே புழக்கத்தில் இருந்தன. வடகிழக்குப் பருவமழையும் மூடுபனியும் சேர்ந்த நாட்களில் மருந்து நமத்துப்போவது பெரும் தொல்லையாக இருந்திருக்கும். பின்புறம் மடித்துத் தோட்டா செருகும் துப்பாக்கிகள் 1860களில் பரவிய பின் இத்தொல்லை குறைந்ததோடு, அடுத்தடுத்துச் சுடும் வேகமும் கூடியது. சுட்டவர்களின் பெயரும் எண்ணிக்கையும் நூலேறியதைப் போல, முட்களுக்கிடையே நனைந்தபடி சோலையைக் கலைத்த உள்ளூர் ஆட்களின் பெயர்கள் ஏறவில்லை.

சென்னை மாகாண அரசு 1870 முதல் கோடை மாதங்களில் உதகையிலிருந்து இயங்கியது. மழைக்காலம் நெருங்க அதிகாரிகள் சென்னைக்கு இறங்கிய பின்னரே வுட்காக் மலைக்கு வந்ததால், இவ்வேட்டை ஆளுநரின் விருந்தினரைக் காட்டிலும், ஆண்டு முழுவதும் மலையில் தங்கிய தோட்ட முதலாளிகளுக்கும், ஓய்வுபெற்ற படை அதிகாரிகளுக்கும், வெலிங்டன் பாசறையினருக்கும் உரியதாயிற்று என்று கொள்வது பொருந்தும்.

இவர்களிடம் திரண்ட அனுபவ அறிவு பறவையியலுக்குள்ளும் சென்றது. பின்னாளில் காங்கிரஸ் மகாசபையின் தோற்றத்துக்குக் காரணமான ஆலன் ஆக்டேவியன் ஹியூம், சி.எச்.டி. மார்ஷலுடன் இணைந்து 1879க்கும் 1881க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இந்திய வேட்டைப் பறவைகள் பற்றிய நூல், நாடெங்குமிருந்து வேட்டைக்காரர்கள் எழுதி அனுப்பிய குறிப்புகளைப் பெரிதும் சார்ந்தது. ஹியூமுக்காகப் பறவைகளைச் சேகரித்த வில்லியம் டேவிசன், நீலகிரிப் பறவைகளைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1883இல் ஹியூமின் பறவையியல் இதழில் வெளிவந்தன. துப்பாக்கியால் திரட்டிய அறிவு என்பதற்காக அதைப் புறந்தள்ளிவிட இயலாது. அக்காலத்தில் எந்தப் பறவை எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்பதற்கு வேறு சான்று பெரும்பாலும் இல்லை.

வுட்காக் வலசைப் பறவை என்பதால், அது குஞ்சு பொரிக்கும் காலத்தில் நீலகிரித் துப்பாக்கிகள் அதை எட்டவில்லை. இங்கேயே பெருகும் உயிரினங்களுக்கு அந்தக் காப்பு இல்லை. வரையாடும் கடமானும் பருவம், பால் பாராமல் சுடப்பட்டு அருகியதைக் கண்ட வேட்டைக்காரர்களே 1870களின் இறுதியில் நீலகிரி வேட்டைச் சங்கத்தை அமைத்தனர். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. யானைகளைக் காக்கும் சென்னை மாகாணச் சட்டம் 1873லேயே வந்துவிட்டதெனினும், ஒரு மலை மாவட்டத்தின் விலங்குகளையும் பறவைகளையும் மீன்களையும் ஒருசேரக் கருதியதால் 1879ஆம் ஆண்டுச் சட்டம் தனித்து நிற்கிறது. காட்டெருமை, கடமான், முயல் முதலியவற்றோடு காட்டுக்கோழி, மயில், கௌதாரி, காடை ஆகியவற்றையும் அது வேட்டை உயிரினங்களாகக் குறிப்பிட்டு, வேட்டையாடக் கூடாத மாதங்களை அறிவிக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியது. சட்டத்தின் நோக்கம் வேட்டையை ஒழிப்பதன்று. அடுத்த பருவத்துக்கும் வேட்டைப் பொருள் இருக்கச் செய்வதே. கண்ணி வைத்தும் வலை விரித்தும் உணவுக்காகப் பிடித்த உள்ளூர் மக்கள் இவ்வகை ஏற்பாடுகளில் திருட்டு வேட்டையாளர்களாயினர். உரிமச் சீட்டுப் பெற்றுப் பொழுதுபோக்குக்காகச் சுட்டவர்கள் பாதுகாவலர்களாயினர். இந்த முரணை அக்காலத்தவர் பெரிதாக எண்ணியதாகத் தெரியவில்லை.

அதே சோலைகளின் ஓரத்தில் வாழ்ந்த சாம்பல் காட்டுக்கோழிக்கு வேறொரு ஆபத்தும் இருந்தது. சேவலின் கழுத்திறகுகளில் மெழுகு பூசியதுபோல மின்னும் மஞ்சள், வெண்ணிறப் புள்ளிகள், சால்மன் மீன் பிடிக்கும் செயற்கை ஈக்களைக் கட்டுவதற்கு இங்கிலாந்தில் மிகவும் வேண்டப்பட்டதால், இறகு ஏற்றுமதி நல்ல வணிகமாக நடந்தது. 1902இல் இந்திய அரசு பறவை இறகுகளின் ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

துப்பாக்கியைக் கட்டுப்படுத்த இத்தனை முயற்சி நடந்துகொண்டிருந்தபோதே, பறவைக்கு உறைவிடமாகிய நிலம் மறுபுறம் மாறிக்கொண்டிருந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டசும் சீகை மரங்களும் 1840களில் உதகைக்கு வந்தன; 1860 முதல் தொட்டபெட்டாவிலும் பிற இடங்களிலும் சிங்கோனா பயிரிடப்பட்டது; விறகுக்காகவும் தேயிலைக்காகவும் சோலைகள் வெட்டப்பட்டன. விடுதலைக்குப் பின் தோல் பதனிடும் பட்டைக்கும் விஸ்கோஸ் ஆலைகளின் மரக்கூழுக்கும் என, எஞ்சிய புல்வெளியிலும் அயல்மரங்கள் பெருமளவில் நடப்பட்டன. பகலுக்குச் சோலையும் இரவுக்கு ஈரப் புல்தரையும் தேவைப்படும் ஒரு பறவைக்கு, இரண்டில் ஒன்று போனாலும் இழப்புத்தான். வேட்டைச் சட்டம் எழுதியவர்களின் கவனம் கொல்லப்படும் எண்ணிக்கையின் மீதே நின்றது இவ்விடத்தில் நோக்கத்தக்கது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கான கட்டுப்பாடுகளை இறுக்கியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்ற வேட்டையையும் முடிவுக்குக் கொண்டுவந்தது. பழைய வேட்டைச் சங்கம் பெயர் மாறி, இன்று காட்டுயிர், சுற்றுச்சூழல் அமைப்பாகச் செயல்படுகிறது. வுட்காக் இன்றும் குளிர்காலத்தில் நீலகிரிக்கு வருகிறது. அதற்கு வேண்டிய சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று ஒட்டிப் பெரிய அளவில் எஞ்சியிருப்பது, 1990இல் அறிவிக்கப்பட்ட 78.46 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள முக்கூர்த்தி தேசியப் பூங்காவையும் அதைச் சுற்றியுள்ள சில மலைப்பகுதிகளையும் போன்ற இடங்களில்தான்.