இடைக்காலக் கம்பளி மிட்டன்

மிட்டன் என்பது கட்டைவிரலுக்கு மட்டும் தனி இடம் விட்டு, மற்ற நான்கு விரல்களையும் ஒரே பையில் அடக்கும் கையுறை. ஒரு விரலின் சூடு அடுத்த விரலுக்குப் போவதால், ஐந்து விரலும் பிரிந்த உறையைவிட இதில் கை கதகதப்பாக இருக்கும். பழைய நார்ஸ் மொழியில் இதன் பெயர் 'வொத்ர்'. நார்வேயில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பனிக்காலத்தில் மாட்டிக்கொள்ளும் 'வொத்தர்' அந்தச் சொல்லின் வழியில் வந்ததுதான். கையுறைக்கு பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'கான்' என்பதும் ஜெர்மானிய மொழிகளின் இதே வேரிலிருந்து போனது.

பழைய மிட்டன் என்றதும் இரண்டு ஊசிகளால் பின்னியதைத்தான் பலர் நினைக்கிறார்கள். வைக்கிங் காலத்தில் வட ஐரோப்பாவுக்கு அந்தப் பின்னல் தெரியாது. ஐஸ்லாந்துக்கு அது 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. அதற்கு முன் தோலை வெட்டித் தைத்தார்கள். ஒற்றை ஊசியால் கம்பளி நூலைக் கண்ணி கண்ணியாகக் கோத்தும் செய்தார்கள். இதற்கு நோல்பின்டிங் என்று பெயர். மூன்றாவது வழி, நெய்த கம்பளித் துணியை வெட்டிக் கையால் தைப்பது. மூன்றிலும் எளியது இதுவே. பழந்துணி கொஞ்சமும் ஊசி நூலும் இருந்தால் போதும்.

ஐஸ்லாந்தில் அந்தத் துணியின் பெயர் வத்மால். அந்த நாட்டு ஆட்டுக்கு உரோமம் இரண்டு அடுக்கு. வெளியே நீளமாக, நீரை வழியவிடும் 'தோக்'. உள்ளே மென்மையாக, சூட்டைப் பிடித்துவைக்கும் 'தேல்'. இவற்றைப் பிரித்து நூற்று, கல் எடை கட்டிய நிமிர்ந்த தறியில் நெய்தார்கள். வத்மால் வெறும் துணியாக இருக்கவில்லை. அது பணமாகவும் புழங்கியது. 6 முழ வத்மால் ஒரு 'எய்ரிர்' என்று சட்டமே மதிப்பு வைத்திருந்தது. பணத்தைக் கத்தரித்துக் கையுறை தைக்க யாருக்கு மனம் வரும்? மற்ற உடைகளுக்கு வெட்டியது போக மிஞ்சிய துண்டுகள்தான் மிட்டனாகியிருக்க வேண்டும் என்று கருதத் தோன்றுகிறது.

இவ்வகையில் மனத்தைத் தொடுவது, மேற்கு ஐஸ்லாந்தின் அக்ரனெஸ் அருகே ஹேய்னெஸ் என்ற இடத்தில் கிடைத்த குழந்தை மிட்டன் சோடி. வத்மாலில் தைத்தது. இரண்டையும் ஒரு கயிறு இணைக்கிறது. கயிற்றைச் சட்டைக் கைகளுக்குள் விட்டு மாட்டினால், பிள்ளை ஒன்றைக் கழற்றினாலும் தொலையாது. பல நூற்றாண்டுகளுக்கு முந்திய ஒரு தாயின் கவலை அந்தக் கயிற்றில் தெரிகிறது.

தைப்பதில் துணியே பாதி வேலையைச் செய்துவிடும். நெய்த கம்பளியை வெந்நீரில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்து இறுக்கினால் இழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். வெட்டிய விளிம்பு பிசிறு விடாது. தடித்த துணி என்பதால் உள்ளே தையல் முண்டு விரலை உறுத்தும். கிரீன்லாந்தின் ஹெர்யோல்ஃப்ஸ்னெஸ் கல்லறைகளில் 1921-இல் தோண்டி எடுத்த இடைக்கால ஆடைகளில், தையலோரத்தை மடித்துப் படியவைத்து நுணுக்கமாகச் சுற்றித் தைத்திருக்கிறார்கள். இன்று மிட்டன் தைப்பவர்களுக்கும் அதுவே நல்ல பாடம். கட்டைவிரல் உள்ளங்கையோடு சேரும் கவட்டில்தான் இழுவிசை முழுவதும் விழுகிறது. துணி முதலில் விட்டுக்கொடுப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் மெழுகு பூசிய நூலால் நெருக்கமாகப் பின்தையல் போட வேண்டும்.

உழைப்பாளியின் மிட்டன் இலக்கியத்திலும் பதிவாகியிருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதப்பட்ட 'பியர்ஸ் த பிளவ்மன்ஸ் கிரீட்' என்ற ஆங்கிலக் கவிதையில் வரும் ஏழை உழவனின் மிட்டன் கந்தல் துணியால் ஆனது. விரல் பக்கம் தேய்ந்து, சேறு அப்பிக் கிடக்கிறது. செல்வர்களின் அலங்காரக் கையுறைகளைப் பற்றிய குறிப்புகளைவிட இந்த ஒரு சித்திரம் அதிகம் சொல்கிறது.

கிடைத்த சில மிட்டன்களின் வயதைக் கணிப்பதில் பெரும் பிழைகளும் நேர்ந்தன. ஸ்வீடனின் ஓஸ்லே சதுப்பு நிலத்தில் கிடைத்த நோல்பின்டிங் மிட்டன் நெடுங்காலம் இரும்புக் காலத்தது என்று நம்பப்பட்டது. கரிமக் காலக்கணிப்பு செய்து பார்த்தபோது, அது 16, 17-ஆம் நூற்றாண்டுகளை ஒட்டியது என்று தெரியவந்தது.

பின்னல் பரவிய பிறகும் இறுக்கிய கம்பளியின் மதிப்பு குறையவில்லை. ஐஸ்லாந்து மீனவர்கள் மிட்டனைப் பின்னி, பிறகு வெந்நீரில் இறுக்கி அணிந்தார்கள். அந்தக் கடல் மிட்டனில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கட்டைவிரல் உண்டு. துடுப்பும் தூண்டில் கயிறும் உரசி உள்ளங்கைப் பக்கம் தேய்ந்ததும், அதைத் திருப்பி மறு கட்டைவிரலை நுழைத்துக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள்.