செம்புப் பெப்டைடு: காயத்திலிருந்து முகத்துக்கு

இன்று நீலநிறச் சீரமாகப் புட்டிகளில் விற்கப்படும் செம்புப் பெப்டைடு, முகத்துக்காகக் கண்டுபிடிக்கப்பட்ட பொருளன்று. கல்லீரல் ஆய்வொன்றில் முதலில் தலைகாட்டியது. காயம் ஆற்றும் மருந்தாக வளர்க்கப்பட்டது. அந்தத் தேர்வில் தேற முடியாமல் முகப்பூச்சாக இடம்பெயர்ந்தது. ஐம்பது ஆண்டுக்கால இப்பயணத்தில் எந்தக் கூற்று எந்தச் சான்றிலிருந்து பிறந்தது என்று பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சோதனைக் குடுவையில் கண்டதை எலிக்கும், எலியின் காயத்தில் கண்டதை மனித முகத்துக்கும் ஏற்றிச் சொல்லும் வழக்கம் இப்பொருளைப் பற்றிய எழுத்துகளில் மலிந்து கிடக்கிறது.

செம்பும் இணைப்புத் திசுவும்

புண்ணுக்குச் செம்பைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். பிரெஞ்சுப் படை மருத்துவர் தாலிபூரின் பெயரால் வழங்கும் கழுவுநீரில் செம்பு சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் கலந்திருந்தன. நம் சித்த மருத்துவத்தில் ஆறாப் புண்களுக்குப் பூசப்படும் மத்தன் தைலம், ஊமத்தை இலைச் சாறும் தேங்காய் எண்ணெயும் துருசும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. துருசு என்பது செம்பு சல்பேட்டே. ஆனால் இவை செம்பின் உப்புகள். பெப்டைடோடு பிணைந்த செம்பு வேறு பொருள். இரண்டையும் ஒன்றாக்கி, முன்னோர் அறிந்ததையே இன்றைய அறிவியல் மறுபடி கண்டதாகச் சொன்னால், இரண்டு மரபுக்கும் நியாயம் செய்தவர்கள் ஆக மாட்டோம்.

உடலின் இழைகளுக்குச் செம்பு ஏன் தேவை என்பது 1960-களில்தான் தெளிவாகத் தொடங்கியது. செம்புச் சத்து குறைந்த தீனியில் வளர்ந்த கோழிக் குஞ்சுகளும் பன்றிகளும் பெருந்தமனி வெடித்து இறந்தன. தமனிச் சுவரில் எலாஸ்டின் இழைகள் ஒன்றோடொன்று பிணையாமல் கிடந்தன. 1968-இல் ஷெல்டன் பின்னெல், ஜார்ஜ் மார்ட்டின் இருவரும் இதற்குக் காரணமான நொதியை எலும்புச் சாற்றில் கண்டனர். லைசில் ஆக்சிடேஸ் என்று இன்று அழைக்கப்படும் அந்த நொதி, கொலாஜனையும் எலாஸ்டினையும் குறுக்கே பிணைத்து வலுவூட்டுகிறது. செம்பு இல்லாமல் அது வேலை செய்யாது. பின்னாளில் வைட்டமின் சி முகப்பூச்சுகளுக்கு அறிவியல் அடிப்படை அமைத்தவரும் இதே பின்னெல்தான்.

1972-இல் மெல்பர்ன் மருத்துவர் டேவிட் டாங்க்ஸ், மென்கிஸ் என்ற நோயுற்ற குழந்தைகளின் நிறமிழந்து முறுகி ஒடியும் தலைமுடியைக் கண்டு, செம்புச் சத்து குறைந்த ஆஸ்திரேலிய மேய்ச்சல் நிலத்து ஆடுகளின் கம்பளியை நினைவுகூர்ந்தார். சோதித்தபோது குழந்தைகளின் இரத்தத்தில் செம்பு மிகக் குறைந்திருந்தது. அவர்களின் தோல் தளர்ந்திருப்பதும் இரத்தக் குழாய்கள் நெளிந்து பலவீனமாக இருப்பதும் அந்த ஒரே குறையின் விளைவுகள். செம்பு செல்லுக்குள் எப்படிச் சென்று சேர்கிறது என்ற கேள்வி இதன்பின் மருத்துவத்தின் மையக் கேள்விகளில் ஒன்றாயிற்று.

மூன்று அமினோ அமிலங்கள்

இதே காலத்தில் கலிபோர்னியாவில் லோரன் பிகார்ட் வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். முதியவர்களின் கல்லீரல் திசுவை இளையவர்களின் இரத்தத்தோடு சேர்த்து வைத்தால் அது இளந்திசுவைப் போல இயங்குவதை அவர் கவனித்தார். எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்று தேடி, மனித இரத்தப் பிளாஸ்மாவின் அல்புமின் பகுதியிலிருந்து ஒரு சிறு பெப்டைடைப் பிரித்தார். மைக்கேல் தேலரோடு சேர்ந்து 1973-இல் இதை வெளியிட்டார். கிளைசின், ஹிஸ்டிடின், லைசின் என்ற மூன்று அமினோ அமிலங்களின் சங்கிலி அது, சுருக்கமாக ஜி.எச்.கே.

முதல் கட்டுரையில் தோலுக்கு இடமில்லை. இயல்பான கல்லீரல் செல்களின் ஆயுளை இப்பெப்டைடு நீட்டுகிறது, புற்றுச் செல்களின் வளர்ச்சியையும் தூண்டுகிறது என்பதே அதன் செய்தி. இதன் பிற்பாதி விளம்பரங்களில் இடம்பெறுவதில்லை. பூச்சு புற்றுநோய் தரும் என்று அதற்குப் பொருளில்லை. செல்வளர்ப்பில் கண்ட ஒரு விளைவை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவது ஆய்வு நெறியாகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

1980-இல் நேச்சர் இதழில் வந்த கட்டுரைதான் செம்பை உள்ளே கொண்டுவந்தது. ஜி.எச்.கே. செம்பைப் பற்றிக்கொண்டு, அது செல்லுக்குள் செல்லத் துணைபுரியலாம் என்று பிகார்ட் குழு முன்மொழிந்தது. அடுத்த ஆண்டே டொரொண்டோவில் லாவும் விபுதேந்திர சர்க்காரும் இப்பிணைப்பின் வலிமையை அளந்தனர். இரத்தத்தில் செம்பைச் சுமக்கும் அல்புமினுக்கு ஈடான பிடிப்பு இந்தச் சின்னஞ்சிறு பெப்டைடுக்கு உண்டு என்று தெரிந்தது. மென்கிஸ் குழந்தைகளுக்குச் செம்பு–ஹிஸ்டிடின் சிகிச்சையை உருவாக்கியவரும் இதே சர்க்கார்தான் என்பதை எண்ணும்போது, அவருக்கு இந்த மூலக்கூறில் ஏன் ஈடுபாடு வந்தது என்பது புரிகிறது.

தோலுக்கான கதவைத் திறந்தது பிரான்சின் ரேம்ஸ் நகர ஆய்வகம். 1988-இல் மக்கார் குழுவினர், இணைப்புத் திசுவை உருவாக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களில் செம்போடு பிணைந்த ஜி.எச்.கே. கொலாஜன் உற்பத்தியைக் கூட்டுவதைக் காட்டினர். மிக நுண்ணிய செறிவிலேயே இவ்விளைவு தொடங்கி, நானோமோலார் அளவில் உச்சம் தொட்டது. அவர்கள் கவனித்த இன்னொன்று எனக்கு இந்த வரலாற்றிலேயே மிக அழகானதாகத் தோன்றுகிறது: இதே மூன்று அமினோ அமில வரிசை கொலாஜன் சங்கிலிக்குள்ளேயே இருக்கிறது. காயத்தில் கொலாஜன் சிதையும்போது இத்துண்டு விடுபட்டு, புதிய கொலாஜனை உருவாக்கும்படி செல்களுக்கு அறிவிக்கக்கூடும் என்று அவர்கள் கருதினர். 1993-இல் எலிகளின் காயங்களிலும் இணைப்புத் திசு கூடுவதை அக்குழு காட்டியது. 1994-இல் அமெரிக்காவில் ஹெலன் சேஜ் குழுவினர், ஸ்பார்க் என்ற வேறொரு புரதம் சிதையும்போதும் இவ்வரிசை கொண்ட துண்டுகள் வெளிப்பட்டுப் புதிய இரத்தக் குழாய்களைத் தூண்டுவதைக் கண்டனர்.

மனிதப் புண்ணில் நடந்த தேர்வு

இத்தனை வலுவான அடித்தளத்தோடு மருந்து மனிதரிடம் வந்தது. பிகார்ட் தொடங்கிய புரோசைட் நிறுவனம் இதை வளர்த்தது. இங்கே கிடைத்த விடைகள் ஒன்றுக்கொன்று முரணானவை.

1992-இல் வெளியான ஓர் ஆய்வில், காலின் சிரை இரத்தத் தேக்கத்தால் வந்த புண்ணுடைய 86 பேர் மூன்று பிரிவாகச் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குச் செம்புப் பெப்டைடு களிம்பு, மற்றொன்றுக்குச் சில்வர் சல்ஃபாடயசின், மூன்றாவதற்கு மருந்தில்லாப் பூச்சு. சில்வர் களிம்பு மற்ற இரண்டையும் விடப் புண்ணைச் சுருக்கியது. செம்புப் பெப்டைடு, மருந்தில்லாப் பூச்சைத் தாண்டவில்லை.

இரண்டு ஆண்டுகள் கழித்து முல்டர் குழுவினர் சர்க்கரை நோயாளிகளின் உள்ளங்கால் புண்களைப் பற்றி எழுதினர். இறந்த திசுவைக் கத்தியால் அகற்றியவுடன் செம்புப் பெப்டைடு கூழைப் பூசியவர்களின் புண் பரப்பு இடைநிலை அளவில் 98.5 விழுக்காடு மூடியது. மருந்தில்லாக் கூழ் பூசியவர்களுக்கு 60.8 விழுக்காடு. தொற்று ஏற்பட்ட புண்கள் 7 விழுக்காடு, மறுபக்கம் 34 விழுக்காடு. இந்த எண்களைத்தான் இன்றுவரை எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். 60.8 என்ற எண்ணையும் நிறுத்திப் படிக்க வேண்டும். புண்ணைச் சுத்தம் செய்து, ஈரம் காத்து, ஒழுங்காகப் பராமரித்தாலே பாதிக்கு மேல் மூடியது என்பதும் அந்த ஆய்வின் விளைவுதான். மேலும், பரப்பு குறைவது வேறு, புண் முழுதாக ஆறுவது வேறு. மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புகள் கேட்பது இரண்டாவதை.

அதன்பின் இப்பொருள் காயமாற்றும் மருந்து என்ற ஒப்புதலை அமெரிக்காவில் பெறவில்லை. ஈரம் காக்கும் காயக் கூழாகவே சந்தையில் நின்றது. அல்புமினோடு போட்டியிட்டுச் செம்பைப் பற்றும் மூலக்கூறு புண்ணில் ஏன் தடுமாறியது? ஆறாப் புண்ணில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் பெருகிக் கிடக்கின்றன. மூன்றே அமினோ அமிலம் கொண்ட சங்கிலி அங்கே நீடிப்பது கடினம் என்பது என் கருத்து. சிரைப் புண்ணுக்கு இரத்தத் தேக்கமும், பாதப் புண்ணுக்கு நடக்கும்போது விழும் அழுத்தமும் அடிப்படைக் காரணங்கள். அவற்றை எந்தப் பூச்சும் நீக்காது.

முகத்துக்கு வந்தபோது

அழகுப் பொருளுக்கு இவ்வளவு கடுமையான தேர்வு இல்லை. நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லாதவரை விற்கலாம். நியூட்ரோஜினா போன்ற பெரிய நிறுவனங்கள் செம்புப் பெப்டைடு பூச்சுகளைக் கொண்டுவந்தன. காயத்தில் பெற்ற பெயர் முகப்பூச்சுக்கு முதலாயிற்று.

சான்றுகள் மெலிந்தவை. 1998-இல் 20 பேரின் தொடைத் தோலில் ஒரு மாதம் பூசி எடுத்த திசு மாதிரிகளில், செம்புப் பெப்டைடு பூசியவர்களில் 70 விழுக்காட்டினருக்குக் கொலாஜன் கூடியது; வைட்டமின் சிக்கு 50, ரெட்டினாயிக் அமிலத்துக்கு 40. ஒரே மாதத்தில் ரெட்டினாயிக் அமிலம் தன் முழுப் பயனைக் காட்டாது என்பதால் இந்த ஒப்பீட்டை வைத்து வெற்றி அறிவிக்க முடியாது. 2002-இல் 71 பெண்களிடம் 12 வாரம் நடந்த முகப்பூச்சு ஆய்வு நல்ல விளைவைச் சொன்னது. அது மாநாட்டுச் சுருக்கமாக வெளிவந்த ஒன்று. 2006-இல் லேசர் சிகிச்சை பெற்ற 13 பேரிடம் நடந்த ஆய்வு நேர்மையான முடிவைத் தந்தது: சிவப்பு தணிவதிலும் சுருக்கம் மறைவதிலும் அளவிடத்தக்க வேறுபாடு இல்லை, பூசியவர்களின் மனநிறைவு மட்டும் கூடியிருந்தது. இவற்றுக்கு எதிரே, வெயிலால் முதிர்ந்த தோலுக்கு டிரெட்டினாயின் என்ற அதே ரெட்டினாயிக் அமிலம் பலன் தருகிறது என்பதை 1988-லேயே மிச்சிகன் பல்கலைக்கழகம் இருபக்கமும் அறியாத முறையில் சோதித்துக் காட்டிவிட்டது.

முகத்தில் இன்னொரு தடையும் உண்டு. காயத்தில் தோலின் மேலடுக்கு இல்லை. முகத்தில் அது முழுமையாக இருக்கிறது. ஜி.எச்.கே.யின் மூலக்கூறு எடை சுமார் 340 டால்டன், சிறியதுதான். ஆனால் நீரில் கரையும், மின்னூட்டம் கொண்ட பொருள் கொழுப்பு நிறைந்த அந்த அடுக்கைக் கடப்பது எளிதன்று. வெட்டியெடுத்த மனிதத் தோலில் 2010-இல் நடந்த சோதனை, செம்பு ஓரளவு உள்ளே சென்று தங்குவதைக் காட்டியது. அது சென்று என்ன செய்கிறது என்பதற்கு அச்சோதனை விடையாகாது.

வயது ஏற ஏற இரத்தத்தில் இப்பெப்டைடு குறைகிறது என்ற வாதமும் அடிக்கடி வருகிறது: 20 வயதில் மில்லிலிட்டருக்கு 200 நானோகிராம், 60 வயதில் 80 என்று பிகார்ட் எழுதினார். குறைவதாலேயே சுருக்கம் வருகிறது என்பதற்கோ, மேலே பூசினால் அந்தக் குறை நிரம்பும் என்பதற்கோ இந்த எண்கள் சான்றாகா. மரபணுத் தரவுத் தளங்களைக் கணினியில் தேடி 2010-க்குப் பின் வந்த முடிவுகளும் இத்தகையவை. ஆய்வுக்கு வழிகாட்டும், சிகிச்சைக்குச் சான்றாகா. செம்புப் பெப்டைடை ஊசியாகச் செலுத்துவோரும் உண்டு; அவர்கள் பூச்சு பற்றிய ஆய்வுகளைத் தமக்குத் துணையாகக் காட்டவே முடியாது.

என் முடிபு இது. முகப்பூச்சாகச் செம்புப் பெப்டைடு பெரும்பாலோர்க்குக் கேடு செய்யாத, சிறிதளவு உதவக்கூடிய பொருள். வெயில் தடுப்புப் பூச்சுக்கோ டிரெட்டினாயினுக்கோ மாற்றன்று. விடை கிடைக்காமல் நிற்பது புண்ணைப் பற்றிய கேள்விதான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2023 ஆய்வு சொல்கிறது. அவர்களில் பலர் பாதப் புண்ணால் விரலையும் காலையும் இழக்கிறார்கள். செம்புப் பெப்டைடு, துருசு சேர்ந்த மத்தன் தைலம், பாத அழுத்தம் நீக்கும் வழக்கமான பராமரிப்பு ஆகிய மூன்றையும் அருகருகே வைத்து, புண் முழுதாக ஆறுவதை அளவுகோலாகக் கொண்டு சோதிக்க, சித்த மருத்துவமனைகளும் அரசு மருத்துவக் கல்லூரிகளும் ஒரே நகரில் இயங்கும் தமிழ்நாட்டை விடப் பொருத்தமான இடம் அரிது. அந்த ஆய்வை நம் மருத்துவப் பல்கலைக்கழகம் மேற்கொள்ள வேண்டும். அதுவரை, சர்க்கரை நோயாளி எவரும் அழகுக்கான சீரத்தைக் கால் புண்ணில் பூச வேண்டாம். மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள்.