வெறுங்காலும் இரண்டு பெனால்டியும்

1948 ஜூலை 31 அன்று, பெங்களூர்க்காரர் சாரங்கபாணி ராமன் லண்டனை ஒட்டிய இல்ஃபோர்டில் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து கோலை அடித்தார். ஆனாலும் அன்று நாம் தோற்றோம்.

முதல் சுற்றில் பர்மா விலகிக்கொண்டதால் ஆடாமலேயே வாக்கோவர். அடுத்து எதிரே பிரான்ஸ். கோல் கம்பங்களுக்கு நடுவே வரதராஜ், முன்னால் அகமது கான், வஜ்ரவேலு, ராமன் என்று பெங்களூர் மைதானங்களில் வளர்ந்தவர்கள் பலர். தலைவர் தாலிமெரன் ஆவ், நாகர், கல்கத்தாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த மாணவர். பெரும்பாலோர் காலில் பூட்ஸ் இல்லை. சிலர் துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

30-வது நிமிடத்தில் கூர்பன் பிரான்சுக்கு ஒரு கோல் போட்டார். 70-வது நிமிடத்தில் ராமன் அதைச் சமன் செய்தார். 89-ல் பெர்சியோன். 2–1, முடிந்தது. அந்த ஒலிம்பிக்கில் இந்தியா ஆடிய ஒரே ஆட்டம் அதுதான்.

தோற்றதற்கு வெறுங்காலைக் காரணம் சொல்லியே நமக்குப் பழக்கமாகிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்ததையும், இரண்டுமே வீணானதையும் யாரும் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. ஒன்றைத் தவறவிட்டவர் சைலன் மன்னா, பந்தை வைத்து அடிப்பதில் பேர்போனவர்! இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் போட்டிகள் அப்போது எழுபது நிமிடத்துக்கு மேல் நீண்டதில்லை. ராமன் கோல் அடித்த நேரத்தில், ஊராக இருந்தால் நடுவர் விசில் ஊதியிருப்பார். மிச்ச இருபது நிமிடத்துக்கு மூச்சைப் பழக்கியிராத கால்கள் அவை. பூட்ஸ் மாட்டியிருந்தாலும் அதில் மாற்றம் இருந்திருக்காது என்பது என் கணக்கு.

வெறுங்காலுக்கு உண்மையான அடி நான்கு வருடம் கழித்து, 1952-ல் ஹெல்சிங்கியில் விழுந்தது. வடக்கத்திக் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 10–1. அந்த ஒற்றைக் கோல் அகமது கானுடையது. எதிராளி சாதாரண அணியில்லை, வெள்ளிப் பதக்கத்தோடு ஊர் திரும்பியது. அதற்கப்புறம்தான் பூட்ஸ் கட்டாயமாயிற்று.

1948 அணியின் தலைவர் ஆவ் படிப்பை முடித்து டாக்டரானார். லண்டனின் ஆர்சனல் கிளப் கூப்பிட்டும் அவர் போகவில்லை என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நாகாலாந்தில் அவர் நாடி பிடித்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் நிச்சயம்.