எங்க அயித்தையின் கால்

மலருக்கு வரலாறு எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவது படித்தவள். எனக்குத் தெரிந்த வரலாறு எங்க அயித்தையின் கால்தான்.

அயித்தைக்கு இரண்டு வயசில் காய்ச்சல் வந்தது. இடுப்பில் ஊசி போட்டுத் தூக்கி வந்தார்கள். இரண்டு நாளில் வலது கால் துவண்டுவிட்டது. "ஊசி போட்டதுலதான் பிள்ளை கால் போச்சு" என்று அப்பத்தா கடைசிவரை சொன்னார்கள். அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் தடுப்பூசி போட விடவில்லை.

அது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ. இந்தக் கிருமி மலத்திலிருந்து தண்ணீர், சாப்பாடு, கை வழியாக வாய்க்குள் போய்க் குடலில் பெருகும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது. சுமார் 200 பேரில் ஒருவருக்குத் தண்டுவடத்துக்குப் போய், தசைக்கு உத்தரவு அனுப்பும் நரம்புச் செல்களை அழித்துவிடும். உத்தரவு வராத தசை சூம்பிப்போகும். உணர்ச்சி மட்டும் இருக்கும். அயித்தை காலில் கிள்ளினால் வலிக்கும், ஆனால் காலைத் தூக்க முடியாது. போன நரம்பைத் திருப்பித் தர இன்றைக்கும் மருந்து இல்லை.

அப்பத்தா சொன்னதிலும் கொஞ்சம் உண்மை உண்டு. கிருமி உடம்பில் இருக்கிற நேரம் சதையில் ஊசி குத்தினால் அந்தக் கால் விழுந்துபோகும் வாய்ப்பு கூடும். ஆனால் காலைப் பறித்தது ஊசி இல்லை, கிருமி.

1955-ல் அமெரிக்காவில் சால்க் என்பவரின் தடுப்பூசி வந்தது. பிறகு சேபின் சொட்டு மருந்து வந்தது. நம்ம பிள்ளைகளுக்கு மூன்று தவணை பத்தாது என்று எடுத்துச் சொன்னவர்களில் வேலூர் சி.எம்.சி. டாக்டர் ஜேக்கப் ஜான் முக்கியமானவர். 1995-ல் நாடு முழுக்க ஒரே நாளில் சொட்டு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள்.

அப்போது என் தம்பிக்கு இரண்டு வயசு. அப்பத்தா வாசலை மறித்தார்கள். அயித்தைதான், "ஆத்தா, இது சொட்டுதானே, ஊசி இல்லையே. என் காலைப் பாத்துமா தடுக்கிறே?" என்று கேட்டது. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையில் தம்பியைப் பிடித்துக்கொண்டு பால்வாடிக்கு நடந்தது. அவன் சுண்டுவிரல் மையை அப்பத்தா ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

தமிழ்நாட்டில் 2004-க்குப் பிறகு போலியோ இல்லை. இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு வந்தது. 2014 மார்ச் 27-ல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது. ஆனால் பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் கிருமி இன்னும் இருக்கிறது. அதனால்தான் சொட்டு மருந்தை விடக்கூடாது.

இன்று எங்க குழுவின் கணக்கு நோட்டு அயித்தை கையில்தான். முகாம் நாளில் எந்த வீட்டுப் பிள்ளை வரவில்லை என்று அதுதான் முதலில் கேட்கும்.