மூலக்கோப்பு இல்லாத திறப்பு: மின்பாட வளக் களஞ்சியங்களில் மறுபயன்பாடு ஏன் தேங்குகிறது?

ஓர் ஆசிரியர் உருவாக்கிய பாட வளத்தை இன்னோர் ஆசிரியர் எடுத்து, தம் வகுப்புக்கு ஏற்ப மாற்றி, மாற்றியதைத் திரும்பவும் பொதுவில் வைப்பார் என்ற எதிர்பார்ப்பில்தான் மின்பாட வளக் களஞ்சியங்கள் பிறந்தன. கால் நூற்றாண்டுக்குப் பிறகு பார்த்தால், எடுப்பது ஓரளவு நடக்கிறது. மாற்றுவது அரிதாகவே கண்ணில் படுகிறது. திரும்பித் தருவது ஏறக்குறைய நடப்பதே இல்லை. இதற்கு ஆசிரியர்களின் ஆர்வக் குறைவே காரணம் என்று பயிற்சிக் கூட்டங்களில் சொல்லக் கேட்கிறோம். அந்தப் பழி நியாயமற்றது. களஞ்சியங்கள் முடிந்த பொருளைச் சேர்க்கின்றன. அந்தப் பொருள் எதிலிருந்து உருவானதோ அந்த மூலக்கோப்பைச் சேர்ப்பதில்லை. சட்டம் திறந்துவிட்ட கதவைக் கோப்பின் வடிவம் அடைத்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

வரலாறு சுருக்கமானது. 1997இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் ‘மெர்லாட்’ என்ற திரட்டைத் தொடங்கியது. 2001இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் பாடங்களை இலவசமாக இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற தொடர் 2002இல் யுனெஸ்கோவின் பாரிஸ் கூட்டத்தில் உருவானது. அவ்வாண்டு டிசம்பரில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வந்தன. யுனெஸ்கோ இதற்கென ஒரு பரிந்துரையையே 2019 நவம்பரில் நிறைவேற்றியது. இந்தப் பயணம் முழுவதிலும் கவனம் உரிமத்தின் மீதே இருந்தது. யார் எடுக்கலாம், விற்கலாமா, பெயர் சொல்ல வேண்டுமா என்ற கேள்விகளுக்குத் தெளிவான விடைகள் கிடைத்தன. எப்படி மாற்றுவது என்ற கேள்வி மட்டும் ஆசிரியரின் சாமர்த்தியத்துக்கு விடப்பட்டது.

அந்தக் கேள்வியை எழுப்பியவர்கள் இல்லாமல் இல்லை. திறந்த கல்வி ஆய்வாளர் டேவிட் வைலி 2000களின் தொடக்கத்திலேயே ஒரு முரணைச் சுட்டினார். பாட வளம் ஒன்று குறிப்பிட்ட வகுப்பின் சூழலோடு நெருங்கப் பொருந்தும்போது நன்றாகக் கற்பிக்கிறது, ஆனால் வேறிடத்தில் பயன்படாமல் போகிறது. சூழலை உதிர்த்துவிட்டால் எங்கும் செல்கிறது, எங்கும் சரியாகக் கற்பிப்பதில்லை. திருத்த அனுமதிக்கும் உரிமம் இந்த முரணைத் தீர்க்கும் என்பது அவரது பிற்கால நிலைப்பாடு. 2010இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. திருத்தும் கருவி கைக்கு எட்டுகிறதா, அதற்கு எவ்வளவு திறமை வேண்டும், கோப்பு உண்மையிலேயே திருத்தத்தக்கதா, பயன்படுத்தும் கோப்பே திருத்தும் கோப்பாகவும் இருக்கிறதா என நான்கு சோதனைகளை அது முன்வைத்தது. உரிமத்தைப் பற்றி எழுதப்பட்ட அளவில் சிறு பங்குகூட இந்த நான்கைப் பற்றி எழுதப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

தமிழில் இந்தச் சோதனைகளைச் செய்து பார்ப்போம். தமிழ்நாட்டில் தயாரான ஓர் அசைவுப்படக் காணொளியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இலையின் குறுக்குவெட்டு, பசுங்கணிகம், உள்ளே நுழையும் ‘கார்பன் டை ஆக்சைடு’, வெளியேறும் ‘ஆக்சிஜன்’, மேலே ‘ஒளிச்சேர்க்கை’ என்ற தலைப்பு. யாழ்ப்பாணத்து அறிவியல் ஆசிரியர் இதைத் தரவிறக்குகிறார். அவருடைய மாணவர்களின் பாடநூலில் அது ‘ஒளித்தொகுப்பு’. வாயுக்கள் ‘காபனீரொட்சைட்டு’, ‘ஒட்சிசன்’. தேர்வில் அவர்கள் எழுத வேண்டியதும் அவையே. உரிமம் மாற்ற அனுமதிக்கிறது. ஆனால் சொற்கள் படத்தோடு படமாக உறைந்திருக்கின்றன. குரல் இசையோடு கலந்திருக்கிறது. மூன்று சொற்களை மாற்ற அவர் காணொளி முழுவதையும் புதிதாகச் செய்ய வேண்டும். படம் தனி, சொற்கள் தனி, குரல் தனி என மூலக்கோப்புகள் கிடைத்திருந்தால் அது ஒரு மாலை நேரத்து வேலை. ஆகவே அவர் காணொளியை அப்படியே ஓடவிட்டு, நடுவில் நிறுத்தி நிறுத்தி விளக்குவார், அல்லது விட்டுவிடுவார்.

இது தீராத சிக்கல் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. இயற்பியலாளர் கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெட்’ திட்டம், தன் பாவனைச் செயலிகளில் திரையில் தோன்றும் சொற்களை நிரலிலிருந்து பிரித்து வைத்திருக்கிறது. நிரல் தெரியாத ஆசிரியரும் சொற்பட்டியலுக்கு எதிரே தம் மொழிச் சொற்களைத் தட்டி முடித்துவிடலாம். தமிழ் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் அச்செயலிகள் புழங்குவதற்கு இந்த வடிவமைப்பு முடிவே முதற்காரணம் என்று கருதுகிறேன்.

தமிழுக்கு இன்னொரு தனிச்சுமையும் இருக்கிறது. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பாடக்குறிப்புகள் ஏராளமாகப் புழக்கத்தில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பிறகு நிலைமை மேம்பட்டது உண்மை. ஆனால் யூனிகோடில் எழுதிய பக்கத்தையும் பிடிஎஃப் ஆக்கிவிட்டால், அதிலிருந்து நகலெடுத்து ஒட்டும்போது கொம்புகள் மெய்யை விட்டுப் பிரிந்து நிற்பதைப் பலரும் பார்த்திருப்பர். ‘கொடி’ என்பதைக்கூட மறுபடி தட்டச்சிட வேண்டிய நிலையில், முப்பது பக்கக் குறிப்பைத் திருத்த யாருக்கு நேரம் இருக்கிறது?

உரிமங்களுக்குள்ளும் முரண் உண்டு. இந்தியாவின் தேசியத் திறந்த கல்வி வளக் களஞ்சியம் 2013 ஆகஸ்டில் தொடங்கியபோது, பெயர் சுட்டி, அதே உரிமத்தில் பகிரும் வகையைத் தேர்ந்தது. துணிச்சலான, சரியான முடிவு. எம்ஐடியின் பாடங்களோ வணிகப் பயன்பாட்டுக்குத் தடை விதிக்கும் உரிமத்தில் உள்ளன. இரண்டையும் கலந்து ஒரே புதிய பாடமாக வெளியிட உரிமங்கள் இடந்தருவதில்லை. இரண்டும் திறந்தவை என்றே அறிமுகமாகின்றன என்பதால் ஆசிரியருக்கு இது தெரிய வழியில்லை.

இங்கே வலுவான ஒரு மறுப்பை எதிர்கொண்டாக வேண்டும். மறுபயன்பாடு நடக்கிறது, களஞ்சியத்தின் கண்ணுக்குத்தான் தெரியவில்லை என்பது அது. பிரிட்டனில் 2011இல் வெளியான ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு ஒன்று, வெளித்தெரியும் பயன்பாடு பனிப்பாறையின் முனை மட்டுமே என்றது. பெரும்பகுதி ஆசிரியரின் சொந்தக் கணினியிலும் வகுப்பறைத் திரையிலும் நடக்கிறது. இதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் ஏற்றால் என் வாதம் வலுக்கவே செய்கிறது. ஆசிரியர்கள் மாற்றுகிறார்கள் என்றால் ஆர்வமின்மைக் குற்றச்சாட்டு விழுந்துவிடுகிறது. எஞ்சுவது, மாற்றியதைத் திரும்பப் பெறும் வழி ஏன் இல்லை என்ற கேள்விதான்.

அந்த வழியை மிக நேர்த்தியாக அமைத்த களஞ்சியம் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ‘கனெக்‌ஷன்ஸ்’. ரிச்சர்ட் பரானியுக் 1999இல் தொடங்கிய அதில் பாடங்கள் சிறு அலகுகளாக, திருத்தத்தக்க குறிமொழியில் இருந்தன. வழிப்பிரதி எடுக்கலாம், பதிப்பு வரலாறு பார்க்கலாம். அப்படியிருந்தும் மிகச் சில அலகுகளே திரும்பத் திரும்ப மாற்றப்பட்டன. 2012இல் அதன் வாரிசான ‘ஓபன்ஸ்டாக்ஸ்’ முழுப் பாடநூல்களின் பக்கம் திரும்பியது; பழைய தளம் 2022இல் ஓய்வு பெற்றது. மூலக்கோப்பு மட்டும் போதாது என்பதை இந்த அனுபவம் காட்டுகிறது. குறிமொழி ஆசிரியருக்கு அந்நியமாக இருந்தது. நான்கு சோதனைகளில் இரண்டாவதில் கனெக்‌ஷன்ஸ் தோற்றது என்பது என் வாசிப்பு. ஆசிரியர் அன்றாடம் கையாளும் கருவியில் திறக்காத மூலக்கோப்பு அவருக்கு மூலக்கோப்பே அல்ல. பிரிட்டனின் ‘ஜோரம்’ களஞ்சியம் பத்தாண்டுகளுக்கு மேல் பொதுநிதியில் நடந்து 2016இல் மூடப்பட்டதையும் இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும்: பராமரிப்புக்கு ஆளும் பணமும் நிற்கும் நாளில் களஞ்சியமும் நின்றுவிடுகிறது.

இந்தப் பாடங்கள் நமக்கு இப்போது அவசரமானவை. 2017 ஆசிரியர் தினத்தன்று இந்திய அரசின் பள்ளிக் கல்வி மின்தளமான ‘திக்‌ஷா’ தொடங்கப்பட்டது; 2018 முதல் தமிழ்நாட்டின் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகள் வந்தன. புத்தகத்தின் பக்கத்தையும் மின்வளத்தையும் இப்படி இணைத்தது பெரிய சாதனை. அதை உருவாக்கிய ஆசிரியர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஆனால் குறியீட்டை வருடினால் திறப்பது பெரும்பாலும் காணொளி. பார்க்கலாம்; தொட முடியாது. மலைக்கிராமத்து ஆசிரியர் தம் ஊர் இலையை அந்தப் படத்தில் வைக்க விரும்பினால் வழியில்லை.

தமிழ்நாட்டின் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனமும் இலங்கையின் ‘இ-தக்சலாவ’ போன்ற தளங்களை நடத்துவோரும் ஏற்பு விதிகளில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். காணொளி வந்தால் அதன் உரைவடிவமும் படக்கோப்புகளும் உடன் வர வேண்டும்; பிடிஎஃப் வந்தால் அதன் யூனிகோடு மூலமும் வர வேண்டும்; மாற்றிய வடிவம் மூல வளத்தின் பக்கத்திலேயே, மாற்றியவர் பெயரோடு இடம்பெற வேண்டும். இவற்றைச் சரிபார்க்க ஊதியம் பெறும் பொறுப்பாளர்கள் நியமிக்கப்பட வேண்டும். பொதுப்பணத்தில் உருவாகும் வளங்களுக்கு இதை வரும் கல்வியாண்டிலேயே கட்டாயமாக்க இயலும். பொறுப்பில் உள்ளவர்கள் அதைச் செய்ய வேண்டும்.