தொடு ஆய்வி

தொடு ஆய்வி என்பது கணினி எண்முறைக் கட்டுப்பாட்டு எந்திரங்களில் வேலைப்பொருளின் விளிம்பு, துளை, மேற்பரப்பு ஆகியவற்றின் இடத்தைத் தொட்டு அறிய உதவும் அளவீட்டுக் கருவி ஆகும். பட்டறைகளில் இது 'டச் புரோப்' என வழங்கப்படுகிறது. புதிய ஆய்விகளின் விலை அதிகம் என்பதால், சிறிய சிஎன்சி மில்லிங் எந்திரம் வைத்திருக்கும் பொழுதுபோக்காளர்கள் தொழிற்சாலைகளில் பயன்பட்டுக் கழிக்கப்பட்ட ஆய்விகளை வாங்கிப் பழுதுபார்த்துப் பயன்படுத்துவதுண்டு.

வரலாறு

தொடுவிசை ஆய்வியை 1972 ஆம் ஆண்டில் டேவிட் மக்மர்ட்ரி உருவாக்கினார். அப்போது அவர் இங்கிலாந்தில் ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தில் பணியாற்றினார். கான்கார்டு வானூர்தியின் ஒலிம்பஸ் பொறிக்கான எரிபொருள் குழாய்களைத் துல்லியமாக அளக்கும் தேவையே இதற்குக் காரணமாயிற்று. 1973 இல் அவரும் ஜான் டீரும் சேர்ந்து ரெனிஷா நிறுவனத்தைத் தொடங்கினர்.

அமைப்பு

ஆய்வியின் நுனியில் செயற்கை மாணிக்கக் குண்டு பொருத்திய ஊசி இருக்கும். ஊசியின் மேற்பகுதியிலிருந்து மூன்று உருளைத் தண்டுகள் 120 பாகை இடைவெளியில் நீண்டிருக்கும். ஒவ்வொரு தண்டும் இரண்டு குண்டுகளின் மேல் அமரும். சுருள்வில் ஒன்று இவற்றை அழுத்தி வைத்திருக்கும். இந்த ஆறு தொடுபுள்ளிகளும் தொடர் மின்சுற்றாக இணைக்கப்பட்டுள்ளன. ஊசி எதன் மீதாவது பட்டு விலகும்போது சுற்றின் மின்தடை உயர்ந்து குறிப்பு கிடைக்கிறது. விசை நீங்கியதும் ஊசி பழைய இடத்துக்கே திரும்புகிறது.

பயன்பாடு

லினக்ஸ்சிஎன்சி மென்பொருளில் ஜி38.2 முதல் ஜி38.5 வரையான கட்டளைகளும், மாக்3 மென்பொருளில் ஜி31 கட்டளையும் ஆய்வுக்கு உரியவை. ஜி38.2 கட்டளையில் எந்திரம் தொடுகை வரை நகரும். தொடுகை கிடைக்காவிடில் பிழை அறிவிக்கும். ஆய்வு வேகம் குறைவாக இருத்தல் வேண்டும். நிமிடத்துக்கு 300 மிமீ வேகத்தில் 10 மில்லிநொடி தாமதம் ஏற்பட்டால் 0.05 மிமீ கூடுதல் நகர்வு உண்டாகும். 60 மிமீ வேகத்தில் இது 0.01 மிமீ மட்டுமே. எனவே முதலில் விரைவாகத் தொட்டு, சற்றுப் பின்வாங்கி, மீண்டும் மெதுவாகத் தொடுவது வழக்கம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

* அகச்சிவப்புக் கதிர் வழியே குறிப்பு அனுப்பும் ஆய்விகளுக்கு அவற்றுக்குரிய ஏற்பி தேவை. ஏற்பி இல்லாத ஆய்வியை நேரடியாகப் பயன்படுத்த இயலாது. கம்பி இணைப்புள்ளவை எளியவை.
* மின்கலப் பெட்டியில் பச்சை அல்லது வெண்ணிறப் படிவு இருந்தால் மின்கலக் கசிவு நேர்ந்துள்ளது எனக் கொள்ளலாம்.
* ஊசியைச் சுற்றியுள்ள இரப்பர் உறை கிழிந்திருந்தால் குளிர்வி நீர்மம் உள்ளே சென்றிருக்கக்கூடும்.
* ஊசி உடைந்திருப்பது பெருங்குறை அன்று. அது திருகிக் கழற்றி மாற்றத்தக்கது.

பழுதுபார்த்தல்

முதலில் மல்டிமீட்டர் கொண்டு மின்தடை அளக்கப்படுகிறது. ஊசியைப் பல திசைகளில் தள்ளி விடும்போது ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அளவு காட்டினால் தொடுபுள்ளிகள் நலமாக உள்ளன. அளவு தாவினால் அழுக்கோ ஆக்சைடு படலமோ காரணமாகலாம். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலும் நூல் உதிராத துணியும் கொண்டு துடைப்பது போதுமானது. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் குண்டுகளின் வடிவம் கெட்டு, ஊசி ஒரே இடத்தில் அமராமல் போகும்.

தொடுபுள்ளிகள் வழியே சில மில்லிஆம்பியர் மின்னோட்டமே செல்ல வேண்டும். ரிலேயின் சுருளை இவற்றின் வழியே நேரடியாக இயக்கினால் தீப்பொறி எழுந்து புள்ளிகள் அரிக்கப்படும்.

அளவுத்திருத்தம்

டயல் அளவியைக் குண்டின் மீது வைத்துச் சுழல்தண்டைக் கையால் சுற்றி, சரிசெய் திருகுகளால் குண்டு மையத்துக்குக் கொண்டுவரப்படுகிறது. துளையின் விட்டத்தை அளக்கையில் மையவிலக்கம் பாதிப்பதில்லை. ஆனால் துளையின் மையத்தைக் காணும்போது அது முழுமையாகப் பிழையாகிறது.

அடுத்து, விட்டம் தெரிந்த வளைய அளவியின் உட்புறம் எதிரெதிராகத் தொடப்படுகிறது. 50 மிமீ வளையத்தில் இரு தொடுகைகளுக்கு இடையே 44.03 மிமீ நகர்வு கிடைத்தால், 6 மிமீ குண்டின் பயனுறு விட்டம் 5.97 மிமீ ஆகும். தொட்ட பின்னும் குறிப்பு எழும்வரை ஊசி சிறிது வளைவதே இக்குறைவுக்குக் காரணம். மூன்று தண்டு அமைப்பில் இவ்வளைவு திசைக்கேற்ப மாறும். ஒரே புள்ளியைப் பத்து முறை தொட்டு வேறுபாட்டைக் குறித்துக்கொள்வது ஆய்வியின் தரத்தை அறிய எளிய வழியாகும்.

பாதுகாப்பு

கம்பி இணைப்புள்ள ஆய்வி பொருத்தப்பட்டிருக்கும்போது சுழல்தண்டு இயங்கினால் கம்பி சுற்றி அறுந்து, ஆய்வியும் சிதையும். ஆகவே சுழல்தண்டின் இயக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு தேவை.

ஓய்வில் மூடியிருக்கும் சுற்றில் கம்பி அறுந்தால், தொடுகை நிகழ்ந்ததாகக் கொண்டு எந்திரம் ஆய்வைத் தொடங்க மறுக்கும். ஓய்வில் திறந்திருக்கும் சுற்றில் அறுந்தாலோ குறிப்பே கிடைக்காமல் ஊசி வேலைப்பொருளில் மோதும். எனவே ஒவ்வொரு முறையும் ஆய்வுக்கு முன் ஊசியை விரலால் தட்டி, திரையில் குறிப்பு மாறுகிறதா எனப் பார்த்தல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* துருவல் எந்திரம்
* ஆய அளவீட்டு எந்திரம்
* ஜி-குறிமுறை