பாட்டி சுரங்கம்: தோண்டிய பூமி காடான வரலாறு

தில்லியில் 1990க்கு முன் வீடு கட்டியவர்களுக்குப் ‘பதர்ப்பூர்’ என்றால் ஊர் ஞாபகம் வராது, மணல்தான் ஞாபகம் வரும். சிமெண்டோடு கலக்கும் அந்த மணல் ஆற்று மணல் அன்று. ஆரவல்லிக் குன்றின் குவார்ட்சைட் பாறை காலங்காலமாக உக்கி உதிர்ந்தது. தென்தில்லி எல்லையில் உள்ள பாட்டி கிராமத்தில் (பெயரைக் கேட்டால் நம் பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள்) அதற்குப் பெரிய சுரங்கம் இருந்தது. இல்லறத்தானுக்கு ஆகாத தொழில்களாகச் சமண நூல்கள் சொல்பவற்றில் பூமியைப் பிளப்பதும் உண்டு. அதற்காக வீடு கட்டாமல் யாரும் இருக்கவில்லை, நாங்களும் சேர்த்துத்தான்.

தோண்டியவர்கள் ஓட் மக்கள். பிரிவினையில் பாகிஸ்தான் பக்கமிருந்து வந்தவர்கள். மண்வேலையே குலத்தொழில், கங்கையைக் கொணர்ந்த பகீரதன் வம்சம் என்று சொல்லிக்கொள்வார்கள். நம் ஊர்ப்பக்கம் குளம் வெட்டும் ஒட்டர்களை நினைத்துக்கொள்ளுங்கள். பள்ளம் சரிந்து தொழிலாளர்கள் மாண்ட பிறகு 1990ல் சுரங்கம் மூடப்பட்டது. 1986ல் அறிவித்த அசோலா சரணாலயத்தோடு 1991ல் பாட்டியும் சேர்ந்தது. மொத்தம் சுமார் 33 சதுர கிலோமீட்டர்.

கெஜட்டில் போட்டுவிட்டால் காடு வந்துவிடுமா? மேல்மண் போய்விட்டது. செங்குத்தான பள்ளங்களில் விதை ஒட்ட இடமில்லை. சுலபமாகப் பிடித்துக்கொண்டது விலாயதி கீக்கர்தான். வேறொன்றுமில்லை, நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்! தூரத்திலிருந்து பார்க்கப் பச்சைப்பசேல் என்றிருக்கும். அதனடியில் மற்ற செடி தலைதூக்குவது கஷ்டம். பச்சை வேறு, காடு வேறு என்பதை இங்கே கண்கூடாகப் பார்க்கலாம்.

2000ல் பிரதேச சேனையின் 132வது சுற்றுச்சூழல் பட்டாளம் உருவாக்கப்பட்டு, மரம் நடும் வேலை அதனிடம் வந்தது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற சிப்பாய்கள். இப்படிப்பட்ட பூமியில் கன்று நட்டால் மட்டும் போதாது. தண்ணீர் ஊற்றி, ஆடுமாடு கடிக்காமல் வருஷக்கணக்கில் காவல் இருக்க வேண்டும். ஆரவல்லிக்கே உரிய மரங்கள் என்றால் தௌ, புரசு போன்றவை. புரசு என்பது நம் புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம்தான். ஆழப் பள்ளங்கள் சிலவற்றில் நீர் தேங்கி ஏரியாகிவிட்டது. ‘நீலி ஜீல்’ அப்படி வந்ததே. நீல்காய், நரி உண்டு. சமீப வருஷங்களில் தானியங்கிக் கேமராக்களில் சிறுத்தையும் பதிவாகியிருக்கிறது.

ஓட் மக்கள் என்ன ஆனார்கள்? சரணாலயத்துக்குள் குடியிருப்பு கூடாதென்று 1996ல் உச்ச நீதிமன்றம் அவர்களை வேறிடம் மாற்றச் சொன்னது. வழக்கும் முறையீடுமாக அது வெகுகாலம் இழுத்தது. காடு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் மரம் நடும் வேலையில் முதல் இடம் அவர்களுக்குத்தான் என்பது என் அபிப்பிராயம். அந்த மண்ணின் குணம் அவர்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?